பக்கத்துப் பெயர்

அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுவரைப் பிடித்தபடி மெதுவாக நடந்தார். ஆளுயரப் புகைப்படங்களைப் பார்த்தார். ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த, நூல் நூற்கும் ஸ்பின்னிங் இயந்திரத்தின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. எங்க பேரெல்லாம் எங்க வெச்சிருக்கறீங்க?"

எங்கேயும் வைக்கவில்லை.

கோவைக்குப் பக்கத்தில், பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட நூற்பாலை அது. அதன் பஞ்சுக் குடோன் ஒன்றை, ஆலையின் கதையைச் சொல்லும் கூடமாக மாற்றித் தரும் வேலை எனக்கு வந்திருந்தது. காட்சிக்கூட வடிவமைப்புதான் என் தொழில். எட்டு மாதம் உழைத்தேன். ஆலை தொடங்கிய நாள், இயந்திரங்கள் வந்து இறங்கிய நாள், வேலைநிறுத்தங்கள், கடைசியாகச் சங்கு ஊதிய நாள் என்று பன்னிரண்டு பலகைகளில் எழுதினேன். வருகிறவர்களின் மனம் கலங்கவேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். யாருடைய மனமும் கலங்கவில்லை. முதல் பலகையை முழுதாகப் படித்தார்கள், மூன்றாவதைப் பாதி படித்தார்கள், அதற்குப் பிறகு படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது வலித்தது. ஏன் என்று புரியாததுதான் இன்னும் வலித்தது.

அந்த அம்மா ரீலிங்கில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில், இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "சேத்துக்கலாம்மா" என்று மட்டும் சொன்னேன். எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல்தான் சொன்னேன்.

வடிவமைப்பில் கதை என்று பேச்சு வந்தால் எங்கள் துறையில் எல்லாரும் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. ஜி.ஈ. நிறுவனத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரங்களை வடிவமைத்தவர் டக் டீட்ஸ். தன் இயந்திரம் ஓடுகிற ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, ஸ்கேனுக்கு வந்த சிறுமி பயந்து அழுவதைப் பார்த்தார். பல குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் ஸ்கேன் எடுக்கவேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பிறகு பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்கேன் அறைகள் கடற்கொள்ளையர் கப்பலாகவும் விண்கலமாகவும் மாறின. பயிலரங்குகளில் இந்தப் படங்களை நானும் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டு பல வருடம் வேலை செய்திருக்கிறேன் என்பது ஆலைக்கூடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. சுவரில் தீட்டிய கப்பல் படத்தைத்தான் கதை என்று நினைத்திருந்தேன். படம் அதில் பாதிகூட இல்லை. குழந்தையைப் பயமுறுத்திய அந்த 'டம் டம்' சத்தம் விண்கலம் வேகமெடுக்கும் சத்தமாக மாறியது. அசையாமல் படுத்திருக்கவேண்டிய கட்டாயம், படகு ஆடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாக மாறியது. கதைக்குள் அந்தக் குழந்தைக்கு ஒரு வேலை இருந்தது. என் பன்னிரண்டு பலகைகளுக்கு முன்னால் நின்றவர்களுக்கு, படிப்பதைத் தவிர எந்த வேலையும் இல்லை.

சரி, இது ஒரு பக்கம். மிச்சத்தை நான் கற்றுக்கொண்டது வாஷிங்டனில், ஒரு கருங்கல் சுவருக்கு முன்னால்.

அடுத்த ஆண்டு நவம்பரில் வர்ஜீனியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆலைக்கூடத்தைப் பற்றி நான் புலம்பியதை அக்கா வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டார். மூன்றாம் நாள் காலையில், "கெளம்பு மாப்ள, உனக்கு ஒரு இடம் காட்டணும்" என்றார். மெட்ரோவில் இறங்கி, குளிரில் நடந்து, கான்ஸ்டிட்யூஷன் அவென்யூவைக் கடந்தோம். எதிரே புல்வெளி. அதற்கு அப்பால் லிங்கன் நினைவகத்தின் வெள்ளைத் தூண்கள். "எங்க மாமா?" என்று கேட்டேன். "நீ அதுக்குப் பின்னாலதான் நிக்கறே" என்றார்.

வியட்நாம் போர் வீரர் நினைவகம் வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. அது தரைக்கு மேல் எழும்பவே இல்லை. புல்வெளியை வெட்டித் தாழ்த்தி, வெட்டிய மண்ணைத் தாங்குகிற மாதிரி இரண்டு கருங்கல் சுவர்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 246 அடிக்கு மேல் நீளம். இரண்டும் ஒரு கோணத்தில் சந்திக்கின்றன. ஒரு கை லிங்கன் நினைவகத்தை நோக்கி நீள்கிறது, மறு கை வாஷிங்டன் நினைவுத் தூணை நோக்கி.

சுற்றிக்கொண்டு போய்க் கிழக்கு முனையில் இறங்கத் தொடங்கினோம். தொடக்கத்தில் சுவர் கணுக்கால் உயரம்தான். அந்தப் போரில் இறந்த, காணாமல் போன அமெரிக்கர்களின் பெயர்கள் சில. நாலடி வைத்தால் முழங்கால் உயரம், இன்னும் கொஞ்சம் போனால் இடுப்பு. பாதை சரிகிறது என்பதைக் கால் உணர்வதற்குள் பெயர்கள் தோளுக்கு வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு தலைக்கு மேல் போய்விடுகின்றன. சுவர்கள் சந்திக்கும் இடத்தில் உயரம் 10 அடி. அங்கே நிற்கும்போது சாலையின் சத்தம் மங்கிவிட்டிருந்தது. மேலே பேசிக்கொண்டே வந்த பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று அங்கே தானாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டது. சத்தம் போடாதே என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. தரைதான் சொன்னது.

கல் பளபளவென்று மெருகேற்றப்பட்ட கருப்புக் கிரானைட். நம் வீட்டுச் சமையல் மேடையில் முகம் தெரிவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அப்படித்தான். பெயர்களைப் படிக்கக் குனிந்தால் பெயர்களின் ஊடே நம் முகம் தெரிகிறது, நமக்குப் பின்னால் மரமும் வானமும் தெரிகின்றன. அந்தக் கல் எங்கிருந்து போனது என்று மாமா சொன்னபோது திடுக்கிட்டேன். பெங்களூருப் பக்கத்திலிருந்து வெட்டிக் கொண்டுபோன கல். வெர்மான்ட் மாநிலத்தில் அறுத்து, மெம்பிஸ் நகரத்தில் எழுத்துப் பொறித்து, வாஷிங்டனில் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் கிடந்த கல், பூமியின் அந்தப் பக்கத்தில் ஐம்பத்தெட்டாயிரம் பெயர்களைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

வடிவமைத்தவர் மாயா லின். அப்போது அவருக்கு 21 வயது, யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவி. 1981-ல் நடந்த போட்டிக்கு 1,421 வடிவமைப்புகள் வந்தன. பெயர் தெரியாமல் எண்களை மட்டும் வைத்து நடுவர்கள் பார்த்தார்கள். தேர்வான எண் 1026. போட்டியின் நிபந்தனைகளில் இரண்டு முக்கியமானவை: இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாருடைய பெயரும் இடம்பெறவேண்டும், போரைப் பற்றி அரசியல் கருத்து எதுவும் சொல்லக்கூடாது. லின் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்தபோது, கத்தியால் பூமியைக் கீறித் திறக்கவேண்டும் என்று தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். முதலில் வலி, பிறகு மேலே புல் வளர்ந்து ஆறும்.

முடிவு வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. நினைவகம் என்றால் வெள்ளையாக, உயரமாக இருக்கவேண்டும். இது கருப்பாகப் பள்ளத்தில் கிடக்கிறதே என்றார்கள். போரில் இருந்த வீரர் ஒருவர் இதை அவமானத்தின் கருப்புக் காயம் என்றார். போட்டிக்குப் பணம் கொடுத்து உதவிய கோடீஸ்வரர் ராஸ் பெரோவே பிறகு எதிர்த்தார். கடைசியில் ஒரு சமரசம்: மூன்று வீரர்கள் நிற்கிற வெண்கலச் சிலை ஒன்றும் கொடிக்கம்பமும் சேர்க்கப்படும். சுவர் 1982 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டது. ஃபிரெடரிக் ஹார்ட் செய்த அந்தச் சிலை இரண்டு வருடம் கழித்து வந்தது.

அந்தச் சண்டை எதைப் பற்றியது என்பதை நம் பழைய வார்த்தை ஒன்றால்தான் என்னால் சரியாகச் சொல்லமுடியும். போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு, அதில் 'பெயரும் பீடும்' எழுதினார்கள் என்று அகநானூறு சொல்கிறது. பீடு என்றால் பெருமை. அவன் எதற்காக, எப்படி விழுந்தான் என்கிற புகழ். செங்கம் பக்கத்து நடுகற்களில் பார்த்திருப்பீர்கள், மன்னன் பெயர், ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, யாருடைய ஆள் என்று எல்லாம் இருக்கும். மாயா லின்னின் சுவரில் பெயர் இருக்கிறது, பீடு இல்லை. பதவி இல்லை, படைப்பிரிவு இல்லை, பதக்கம் இல்லை, வீரம் என்ற சொல்கூடப் பெயர்களுக்கு நடுவே இல்லை. கோபப்பட்டவர்கள் கேட்டது அந்தப் பீட்டைத்தான். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊர் திரும்பியபோது யாரும் வரவேற்காத வீரர்கள் அவர்கள். ஆனால் எந்தப் போருக்காக என்பதில் நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தபோது, எந்தப் பீட்டை எழுதினாலும் பாதிப் பேர் அந்தச் சுவருக்கு வந்திருக்கமாட்டார்கள். பெயர் மட்டும் இருந்ததால் எல்லாரும் வந்தார்கள்.

ஆனால் வெறும் பெயர்ப் பட்டியலை யார் நின்று படிப்பார்கள்? எந்த அரசு அலுவலகத்திலும் அப்படி ஒரு பட்டியல் தொங்கும். இந்தச் சுவரின் உயிர் அதன் வரிசையில் இருக்கிறது. நான் மிச்சக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான்.

பெயர்கள் அகரவரிசையில் இல்லை. விழுந்த நாள்வாரியாக இருக்கின்றன. அகரவரிசைதான் வேண்டும், இல்லாவிட்டால் எப்படித் தேடுவது என்று அப்போதே கேட்டார்கள். லின் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டியலை அகரவரிசையில் எடுத்துப் பார்த்தபோது ஸ்மித் என்ற பெயரில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஜேம்ஸ் ஜோன்ஸ் என்றே பதினாறு பேர். மகனைத் தேடி வருகிற ஒரு தாய் பதினாறு ஜேம்ஸ் ஜோன்ஸ்களுக்கு முன்னால் நின்று, இதில் என் பிள்ளை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? அகரவரிசை என்பது ஃபைலுக்கு வசதி. நாள் வரிசையில் வைத்தால் ஒரே பதுங்கு குழியில், ஒரே ஹெலிகாப்டரில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். உயிரோடு திரும்பிய நண்பன் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அவன் பிரிந்த அத்தனை பேரும் ஒரு கை அகலத்துக்குள் இருக்கிறார்கள். அந்த நாள் அங்கே இருக்கிறது.

இன்னும் ஒரு காரியம் செய்திருக்கிறார். பட்டியல் இடது முனையில் தொடங்கி வலது முனையில் முடியவில்லை. சுவர்கள் சந்திக்கும் நடு மூலையில், கிழக்குச் சுவரின் உச்சியில், 1959 என்ற ஆண்டோடு தொடங்குகிறது. அங்கிருந்து கிழக்கு முனைவரை போய் மண்ணுக்குள் மறைகிறது. பிறகு மேற்கு முனையில் மறுபடி முளைத்து நடுவை நோக்கி வந்து, தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, மேற்குச் சுவரின் அடியில், 1975 என்ற ஆண்டோடு முடிகிறது. போரின் முதல் நாளும் கடைசி நாளும் அந்த மூலையில் ஒட்டி நிற்கின்றன. அங்கே நிற்கும்போதுதான் வட்டம் மூடுகிறது.

அப்படியானால் முனையிலிருந்து வருகிறவர்கள் எதில் நுழைகிறார்கள்? 1968 மே மாதத்தில். எந்த முனையிலிருந்து வந்தாலும் அதே மாதம்தான். 1968-ல் மட்டும் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அந்தப் போரில் இறந்தார்கள். அதுதான் மிக மோசமான ஆண்டு. போருக்குள் யாரும் அதன் தொடக்கத்திலிருந்து நுழைவதில்லை. பதினெட்டு வயதில் அனுப்பப்பட்ட பையனுக்கு அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நானும் நடுவில்தான் நுழைந்தேன். 1968-லிருந்து பின்னோக்கி நடந்து 1959-க்குப் போனேன், ஓரடி தாண்டியதும் 1975. நடக்கும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. உடம்புக்கு மட்டும் ஏதோ தெரிந்தது. மாமா பிறகு விளக்கினார்.

தேடுவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பாதையின் முகப்பில் தடிமனான புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் பெயர்கள் அகரவரிசையில். பெயருக்கு நேரே, கிழக்கா மேற்கா, எத்தனையாவது பலகை, எத்தனையாவது வரி என்று இருக்கும். விரலால் தேடி, சின்னச் சீட்டில் குறித்துக்கொண்டு, இறங்கி நடந்து, வரிகளை எண்ணி, அந்தப் பெயரை அடையவேண்டும். வசதிக்குறைவு என்று சொன்ன அந்தத் தேடலே வருகிறவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஸ்கேன் அறைக் குழந்தைக்குப் படகு மாதிரி, இவர்களுக்கு அந்தச் சீட்டு.

அன்றைக்கு ஒரு பெரியவர் அப்படித்தான் வந்தார். பேத்தி மாதிரி ஒரு பெண் கையைப் பிடித்திருந்தாள். ஒரு பெயரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்துக்கள் வெள்ளையாக எழும்பி வந்தன. பிறகு, எடுத்த பெயருக்கு மேல் வரியில் இருந்த பெயரையும் தேய்த்து எடுத்தார். அப்புறம் அதற்குப் பக்கத்தில் ஒன்று. யாரோ ஒருவரைத் தேடி வந்தவர் மூன்று பேரை எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. வரிசை மட்டும் அகரவரிசையாக இருந்திருந்தால் அந்த மூன்று பேரும் மூன்று திசையில் சிதறியிருப்பார்கள் என்பது மட்டும் எனக்கு அந்த இடத்தில் புரிந்தது.

பெயர்களுக்கு அருகே உள்ள குறிகளையும் மாமா காட்டினார். இறந்தது உறுதியானால் ஒரு சின்ன வைர வடிவம். காணாமல் போனவர் என்றால் சிலுவைக்குறி. உடல் கிடைத்து உறுதியானால் அந்தச் சிலுவையின் மேலேயே வைரத்தைச் செதுக்கிவிடுகிறார்கள். உயிரோடு திரும்பி வந்தால் சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம் போடவேண்டும். அந்த வட்டம் இதுவரை போடப்படவில்லை. திறந்தபோது 57,939 பெயர்கள் இருந்தன, இன்று 58,000-ஐத் தாண்டிவிட்டது. காயத்தால் பின்னாளில் இறந்தவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். கல்லில் எழுதியதுதான், ஆனாலும் கதை முடியாமல் இருக்கிறது. வராத வட்டத்துக்கு ஒரு இடத்தை யோசித்து வைத்தார்களே, அதை நினைத்துக்கொண்டு அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இதையும் சொல்லவேண்டும். அந்தப் போரில் செத்த வியட்நாமியர்கள் பல லட்சம் பேர். அவர்களில் ஒருவர் பெயரும் அந்தச் சுவரில் இல்லை. போட்டியே அப்படித்தான் அமைந்தது, ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குக் கட்டியது. இருந்தாலும் அந்த மூலையில் நின்று மனம் உருகும்போது, எதற்கு உருகவேண்டும் என்பதையும் அந்த வடிவம்தான் எனக்காகத் தீர்மானித்திருக்கிறது என்பது உறைத்தது. யார் பெயரை எழுதுகிறோம் என்பதோடு யார் பெயரை விடுகிறோம் என்பதும் சேர்ந்ததுதான் வடிவமைப்பாளன் கையில் இருக்கிற அதிகாரம். ஆலைக்கூடத்தில் எல்லாப் பெயரையும் விட்டவன் நான்.

நியூயார்க்கிலும் இதே கேள்வி பிறகு வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவிடத்தில், இரண்டு பெரிய நீர்க்குளங்களைச் சுற்றி வெண்கலத்தில் 2,983 பெயர்கள். கட்டடக் கலைஞர் மைக்கேல் அராட் முதலில் பெயர்களை எந்த வரிசையும் இல்லாமல் வைக்க நினைத்தார். குடும்பங்கள் ஏற்கவில்லை. கடைசியில், யார் பக்கத்தில் யார் இருக்கவேண்டும் என்று குடும்பங்களிடமே கேட்டார்கள். ஒன்றாக வேலை பார்த்தவர்கள், அண்ணன் தம்பி, நண்பர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேண்டுகோள்கள் வந்தன. அத்தனையையும் பொருத்த மென்பொருள் எழுதவேண்டியிருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அங்கே வரிசையே தெரியாது. தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் ஆலையின் பழைய ஆவணங்களைக் கேட்டு வாங்கினேன். முதல் தடவை நான் கேட்காத ஆவணங்கள். தொழிலாளர் வருகையைக் குறிக்கும் மஸ்டர் ரோல், அவரவர் நம்பரைக் குறிக்கும் டோக்கன் பதிவேடு. மூட்டை மூட்டையாக இருந்தன, பாதி கரையான் தின்றது. நான்கு மாதம் உட்கார்ந்து பெயர்களை எடுத்தோம். அகரவரிசையில் போட்டுப் பார்த்தபோது எனக்கு அந்த ஸ்மித்கள் நினைவுக்கு வந்தார்கள். பழனிசாமி மட்டும் நாற்பதுக்கு மேல். மாரியம்மாள் இருபத்தாறு பேர்.

வேலைக்குச் சேர்ந்த நாள்வாரியாக எழுதலாம் என்று முடிவு செய்தேன். எளிதாக நடக்கவில்லை. கூடத்தை நடத்துகிறவர்கள் அகரவரிசையும் மேலே நிறுவனர் படமும் வேண்டும் என்றார்கள். ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவர், தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு நடுவில் தன் பெயர் வருவதை ஏற்கவே இல்லை. இன்றும் கூடத்துக்கு வருவதில்லை. அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது, அவருக்கும் ஒரு பீடு இருந்தது. பழைய பதிவேட்டில் பல பெயர்களோடு சாதியும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு இனிஷியலும் பெயரும் மட்டும் வைத்தோம். இதற்கும் ஒரு கூட்டம் போடவேண்டி வந்தது. நான் பேசியதைவிட, ஸ்பின்னிங்கில் இருந்த ஒருவர் எழுந்து, "மெஷினுக்கு என்ன சாதிங்க தெரியும்?" என்று கேட்டதுதான் எடுபட்டது.

பன்னிரண்டு பலகைகளில் பத்தைக் கழற்றினேன். வாசகங்களை எழுதியவன் நான், கழற்றும்போது கை வராமல்தான் கழற்றினேன். அந்தச் சுவரை வெள்ளையடித்து, கடைப்பலகை எழுதுகிற பெயின்டர் ஒருவரைக் கூப்பிட்டுக் கருப்பு எனாமலில் பெயர்களை எழுதவைத்தேன். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியிருந்தால் இரண்டு நாள் வேலை. அவர் மூன்று மாதம் எழுதினார். முழங்கால் உயரத்திலிருந்து கைக்கு எட்டும் உயரம் வரைதான் பெயர்கள், தொடமுடியாத உயரத்தில் எதுவும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் டோக்கன் நம்பர், பக்கத்தில் ஒரு சின்ன ஆணி.

வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்தோம். அதில் நம்பர் அடித்த பித்தளை டோக்கன்கள். ஆலை ஓடிய காலத்தில் கேட்டில் டோக்கன் கொடுத்த மாதிரி, உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. அந்த நம்பருக்கு உரியவரைச் சுவரில் தேடிக் கண்டுபிடித்து ஆணியில் மாட்டவேண்டும். இந்த யோசனை என்னுடையது என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்ததை நினைவூட்ட வாஷிங்டனில் 1993-ல் திறந்த ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தில், நுழைகிறவர்களுக்கு உண்மையில் வாழ்ந்த ஒருவரின் அடையாள அட்டையைக் கொடுக்கிறார்கள். அந்த ஆளோடு சேர்ந்துதான் மூன்று மாடியையும் கடக்கிறோம். அங்கே கையில் அட்டையோடு நின்றபோதே இந்தப் பித்தளை டோக்கன் என் மனதில் விழுந்துவிட்டது.

பள்ளிப் பிள்ளைகள் இப்போது அந்தச் சுவருக்கு முன்னால் இருபது நிமிடம் நிற்கிறார்கள். "அண்ணா, என்னோட ஆளு நைட் சிப்ட்டா?" என்று ஒரு பையன் கேட்டான். அவனுடைய ஆள். நான் எழுதிய பலகைகளில் ஒன்றுகூட யாருக்கும் 'என்னோட' ஆனதில்லை.

ரீலிங் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன். மகனோடு வந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, மகன்தான் வரிசையைத் தேடினார். கண்டுபிடித்து, "இந்தா, இதுதாம்மா உன் பேரு" என்று அவர் விரலை எடுத்து அதன் மேல் வைத்தார். அந்த அம்மா தன் பெயரைத் தடவிவிட்டு, "பக்கத்துல யாரு?" என்று கேட்டார். மகன் படித்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கை தன் பெயரிலிருந்து நகர்ந்து அங்கே போய் நின்றது. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ஊரிலிருந்து ஒன்றாக நடந்து வந்தவர்கள். வழியில் பள்ளம் ஒன்று வருமாம், மழைக்காலத்தில் அதில் தண்ணீர் ஓடும், கையைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்களாம். அந்தத் தோழி இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பள்ளத்தைப் பற்றி நான் எந்தப் பலகையிலும் எழுதியதில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வேலை மட்டும் இன்னும் முடியவில்லை. 1950-களின் பதிவேடுகளில் கரையான் தின்ற பக்கங்கள் போக, நம்பர் மட்டும் தெரிந்து பெயர் தெரியாதவர்கள் அறுபத்தொரு பேர். அவர்களை விட்டுவிடலாம் என்று சொன்னார்கள். நம்பரை எழுதிவிட்டுப் பக்கத்தில் வெள்ளையாக விடச்சொன்னேன். ஆணியும் அடித்துவைத்தோம். பெயின்டர் மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறார். யாராவது பெயர் கொண்டுவந்திருந்தால் எழுதுவார், இல்லாவிட்டால் மங்கின எழுத்தைத் திருத்துவார். இதுவரை ஒன்பது பெயர்கள் வந்திருக்கின்றன.

போன மாதம் வந்தது ஒன்பதாவது. திருப்பூர்ப் பக்கத்திலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முந்தானையில் முடிந்து ஒரு பித்தளை டோக்கன் கொண்டுவந்திருந்தார். அப்பா செத்த பிறகு அரிசி டிரம்மில் போட்டு வைத்திருந்ததாம். தேய்ந்துபோயிருந்தது, ஆனால் நம்பர் தெரிந்தது. சுவரில் தேடினோம். முழங்கால் உயரத்தில், ஜன்னல் பக்கம், வெறும் நம்பராக இருந்தது. பெயின்டர் தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். அந்தப் பெண் அப்பாவின் பெயரைச் சொன்னார். "இனிஷியல் என்னம்மா?" என்று பெயின்டர் கேட்டார். தாத்தா பெயர் அவருக்குச் சட்டென்று வரவில்லை. இருங்க, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டார்.